செட்டிநாட்டுக் கிராமத்தில் பழைய வீட்டை வாடகைக்கு எடுப்பது எப்படி?

செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் பழைய வீடு தேடி வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. அந்த வீட்டில் யார் யாருக்குப் பங்கு இருக்கிறது? ஆண்டில் எந்தெந்த நாட்களில் அவர்கள் அங்கே வந்து கூடுவார்கள்? சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவியிருக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகளைக் காணலாம். அவற்றுள் உண்மையிலேயே கைவிடப்பட்டவை குறைவு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாழும் குடும்பத்தினர் திருமணத்துக்கும், மணிவிழாவான சாந்திக்கும், முன்னோரை வணங்கும் படைப்புக்கும் அந்த வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுக்குத்தான் திரும்பி வருகிறார்கள். ஆகவே இங்கு வாடகைக்குக் குடியேறுபவர் இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பப் பொதுவீட்டில் சில மாதங்களுக்கு இடம் பெறுகிறார். வீடு பார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, குடியிருப்பது, காலி செய்வது ஆகிய அனைத்தையும் இந்த உண்மையை ஒட்டியே செய்தாக வேண்டும்.

மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை ஒரு சிறிய பழைய வீட்டில் தங்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று நாட்கள் தங்கிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் கானாடுகாத்தானிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விடுதிகளாக மாற்றப்பட்ட பழைய வீடுகள் உள்ளன. அங்கே அறைக்கு முன்பதிவு செய்வதோடு வேலை முடிந்துவிடும். ஆயினும் நீண்ட நாள் தங்க நினைப்பவர்களும் முதலில் அப்படி ஒரு வீட்டில் இரண்டு இரவுகள் தங்கிப் பார்ப்பது நல்லது. பகலில் வெளிச்சம் வளவில் மட்டும் விழ, உள்ளறைகள் நண்பகலிலும் இருண்டு கிடக்கும் வீட்டில் நம்மால் இருக்க முடியுமா என்பதை அனுபவித்துத்தான் அறிய முடியும்.

சிறிய வீடு என்பது எது?

பர்மா, மலாயா, இலங்கை, வியட்நாம் ஆகிய நாடுகளில் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் தொழிலின் செல்வம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை இந்த ஊர்களில் மாளிகைகளாக எழுந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமான பின்னர் அந்த வரவு அறுந்தது, புதிதாகக் கட்டுவதும் ஓய்ந்தது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பகுதி பகுதியாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்தப் பெரிய வீடுகளைத் தனிக் குடும்பம் வாடகைக்கு எடுத்துப் பெருக்கித் துடைத்துப் பராமரிப்பது நடவாத காரியம். நாம் தேட வேண்டியது, தெருவை நோக்கிய திண்ணையும், ஒரே ஒரு வளவும், அதன் இருபுறமும் சில அறைகளும், பின்புறம் அடுப்படியும், கொல்லையில் கிணறும் உள்ள ஒற்றைக் கட்டு வீடு. கோயில் குருக்கள், கணக்குப்பிள்ளை, ஆசாரி ஆகியோர் குடும்பங்கள் வாழ்ந்த சிறிய ஓட்டு வீடுகளும் இதே அமைப்பில் இருக்கும். இவற்றில் தேக்குக்குப் பதிலாகப் பனங்கைகள் கூரையைத் தாங்கியிருக்கலாம். அதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. வைரம் பாய்ந்த பனை, நனையாமல் பார்த்துக்கொண்டால் பல தலைமுறைக்கு நிற்கும்.

பெரிய வீட்டின் ஒரு பகுதியை மட்டும், அதாவது இரண்டாம் கட்டை மட்டும் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். வாடகை குறைவாக இருக்கும். ஆனால் முன்கட்டின் கூரை ஒழுகினால் அதன் ஈரம் நமது சுவருக்கு வரும், அதைச் சரிசெய்யும் அதிகாரமோ நம்மிடம் இராது. கிணறும் கழிவறையும் பொதுவாகிவிடும். தனியாக நிற்கும் சிறிய வீடு கிடைக்கும் வரை காத்திருப்பதே என் பரிந்துரை.

எந்த ஊரில் எடுப்பது என்பது வேலையையும் உடல்நலத்தையும் பொறுத்தது. கோட்டையூரும் பள்ளத்தூரும் காரைக்குடிக்கு அருகில் இருப்பதால் பேருந்து, மருத்துவமனை, கடை ஆகிய வசதிகள் எளிதில் கிடைக்கும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி ஆகிய ஊர்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதால் அங்கே வீட்டுக்காரர்களின் எதிர்பார்ப்பும் சற்று உயர்ந்திருக்கும். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களான ராயவரம், அரிமளம், கடியாபட்டி போன்றவை அமைதியானவை. சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பல்லவன் விரைவு ரயில் காரைக்குடி வரை உள்ளது. மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவில், காரில் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. மாலை ஏழு மணிக்குப் பிறகு அந்த ஊருக்குப் பேருந்து உண்டா என்பதை மட்டும் தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரியவர் யார் என்று அறிதல்

நகரத்தார் வீட்டில் ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் திருமணமானதும் வளவை ஒட்டி ஓர் அறை ஒதுக்கப்படும், வளவோ அனைவருக்கும் பொது. திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்பட்டுக் கோயிலுக்கு வரி கட்டுவது இன்றும் தொடரும் வழக்கம். மூன்று தலைமுறை கடந்த பின்னர் அந்த ஒரே வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்காளிகள் உரிமையாளர்களாக இருப்பது வியப்பன்று. அவர்களுள் ஒருவர் ஊரில் இருப்பார், மூவர் சென்னையில், இருவர் வெளிநாட்டில். ஊரில் இருக்கும் ஒருவர் நல்லெண்ணத்தோடு சாவியைக் கொடுத்துவிட, தை மாதத்தில் இன்னொருவர் மகள் திருமணத்தை அந்த வளவில் வைத்துக்கொள்ள வந்து நிற்பதும், வாடகைக்கு வந்தவர் பெட்டி படுக்கையோடு தவிப்பதும் இங்கே அரிதன்று.

ஆகவே வீடு பிடித்திருந்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் சில ஆவணங்களைப் பார்க்கக் கேளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்பட்டிருந்தால் யாருக்கு எந்தப் பகுதி என்பது அதில் தெளிவாக இருக்கும். பிரிக்கப்படாத வீடாக இருந்தால், எல்லாப் பங்காளிகளும் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரமோ, குறைந்தபட்சம் அனைவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமோ தேவை. வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் யார் பெயரில் உள்ளன என்று பாருங்கள். அவை காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இருப்பது இங்கு சாதாரணம், அதனால் மட்டும் வீட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கிறதா என்பதைத் தயங்காமல் கேட்டுவிட வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், சொத்தின் மீது பதிவான விற்பனையும் அடமானமும் தெரிந்துவிடும். வழக்கில் இருக்கும் வீட்டை எவ்வளவு குறைந்த வாடகைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

வீட்டைத் தேடும் வழியும் இதோடு சேர்ந்ததே. இணைய விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் விற்பனைக்கு உள்ள வீடுகள். வாடகைக்குக் கிடைக்கக்கூடிய வீடு எது என்பது ஊர் மளிகைக்கடைக்காரருக்கும், கோயில் அலுவலகத்தில் இருப்பவருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிகளுக்கும் தெரியும். ஒரே குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டைக் காத்து வருவதுண்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதும், மாதம் ஒரு முறை அறைகளைத் திறந்து காற்றாட விடுவதும் அவர்கள்தாம். காவலாளியை வயதுக்கேற்ப அண்ணே என்றோ ஐயா என்றோ அழைத்து, திண்ணையில் உட்கார்ந்து, நாம் யார், எந்த ஊர், எத்தனை பேர் தங்கப் போகிறோம், எதற்காக இங்கு வருகிறோம் என்பதை முதலில் நாமே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கார ஆச்சியிடம் தொலைபேசியில் அவர் சொல்லப்போகும் இரண்டு வார்த்தைகள், நாம் எழுதும் நீண்ட மின்னஞ்சலைவிட வலிமையானவை. ஆச்சியிடம் நேரில் பேச வாய்த்தால், "ஆச்சி, வீட்டை எங்கள் வீடுபோலப் பார்த்துக்கொள்வோம், உங்கள் வீட்டில் விசேஷம் வரும் நாட்களை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம்" என்று தொடங்குங்கள். அவர் மனத்தில் இருக்கும் பெரிய தயக்கம் அதுதான். அது நீங்கியபின் வாடகைப் பேச்சு எளிதாகிவிடும். தரகர் மூலம் போனால் தரகு எவ்வளவு, யார் தருவது என்பதை வீட்டைப் பார்க்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வீட்டைப் பார்க்கும் முறை

இயன்றால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வீட்டைப் பாருங்கள். இப்பகுதிக்கு அதிக மழை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது, வீட்டின் குறைகள் அனைத்தையும் அந்த மழை காட்டிக் கொடுத்துவிடும். கோடையில் பார்க்க நேர்ந்தால் உச்சிவெயில் நேரத்தில் போங்கள். உள்ளறைக்குள் சென்று கதவைச் சாத்திவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்று, பிறகு நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். ஓடு உடைந்த இடங்களில் வெளிச்சம் ஊசி முனைகளாகத் தெரியும். நான்கைந்து புள்ளிகள் இருந்தால் அது ஒருநாள் வேலை. வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் ஓட்டு வரிசையே சரிந்திருக்கிறது என்று பொருள். அதன் கீழே ஓட்டைத் தாங்கி இருக்கும் கைமரத்தைத் தேடிப் பாருங்கள். மரத்தில் கறுத்த நீர்த்தடம் ஓடியிருந்தால், எட்டும் இடத்தில் சாவி முனையால் அழுத்துங்கள். முனை வழுக்கினால் மரம் நலமாக உள்ளது. பொதுக்கென்று உள்ளே இறங்கினால் அந்தக் கைமரம் மாற்றப்பட்ட பிறகே குடியேற வேண்டும்.

கூரையைப் பார்த்து முடித்ததும் கொல்லைக்குப் போய் மாற்று ஓடுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கூரையில் வரிவரியாகக் கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கப்படும் நாட்டு ஓடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. இடிக்கப்படும் வீடுகளிலிருந்து வாங்கி வைத்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. கொல்லைச் சுவரோரம் ஓலையோ தகரமோ மூடி நூறு ஓடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பம், வீட்டை விற்கவோ இடிக்கவோ எண்ணாமல் காக்க நினைக்கும் குடும்பம். வீட்டுக்காரரைப் பற்றி அக்கம்பக்கத்தார் சொல்வதைவிட அந்த அடுக்கு எனக்கு அதிகமாகச் சொல்லும்.

சுவருக்கு வருவோம். செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பால் ஆனது. சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசி, மேற்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இன்றும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் வெயில் காலத்திலும் குளிர்ச்சி தெரியும். இந்தச் சுவர் தனக்குள் ஏறும் ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும் இயல்புடையது. பிற்காலத்தில் யாரேனும் அதன்மீது சிமெண்ட் பூசியிருந்தாலோ, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தாலோ, ஈரம் வெளியேற வழியின்றி மேலே மேலே ஏறி, இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்துப் பொரிந்து உதிரத் தொடங்கும். ஆகவே சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள், விரல் மூட்டால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். கலகலவென்ற வெற்றொலி வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஓரிரு இடங்களில் அப்படி இருப்பது பழைய வீட்டுக்கு இயல்பு. ஒரு முழுச் சுவரும் அவ்வாறு இருக்குமானால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை அழைத்துக்காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். அத்தகைய கொத்தனார்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

கரையானைத் தேடவேண்டிய இடங்கள் தூணின் அடி, கதவு நிலையின் அடி, பெட்டகங்களுக்குப் பின்புறம். தூண் கல் பீடத்தின்மேல் நின்றால் கவலை குறைவு. அடுத்து வளவின் முற்றத்தில் நீர் வெளியேறும் தூம்பைச் சோதிக்க வேண்டும். நான்கு பக்கக் கூரையின் மழையும் அந்த முற்றத்தில்தான் விழுகிறது. அங்கிருந்து தெரு வாய்க்காலுக்கும், பல ஊர்களில் ஊர்க் குளமான ஊருணிக்கும் போய்ச் சேருமாறு முன்னோர் வழி அமைத்திருக்கிறார்கள். இரண்டு வாளித் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி, அது நின்று சுழல்கிறதா, உடனே இறங்குகிறதா என்று பாருங்கள். பின்பு தெருவுக்கு வந்து அந்த நீர் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். தெருவில் புதிதாகப் போட்ட சிமெண்ட் சாலை வாய்க்காலை அடைத்திருந்தால், ஒரே இரவு மழையில் வளவு குளமாகித் தாழ்வாரம் வரை நனைந்துவிடும். வீடு பார்க்கும் நாளில் இந்த இரண்டு வாளித் தண்ணீரை ஊற்ற வெட்கப்படாதீர்கள்.

தண்ணீர், மின்சாரம், கழிவறை

குடிநீர்க் குழாய் இணைப்பு இருந்தால் எத்தனை நாட்களுக்கு ஒரு முறை, எந்த நேரத்தில் தண்ணீர் வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பதால் அவருக்கு அது தெரியாது. கிணற்று நீரை வாளியில் இறைத்துச் சுவைத்துப் பாருங்கள். இப்பகுதியில் ஒரு தெருக் கிணறு இனிக்கும், அடுத்த தெருக் கிணறு உவர்க்கும். பல ஊர்களில் குடிப்பதற்கென்றே காக்கப்பட்ட ஊருணி இருக்கிறது, அதில் குளிப்பதும் துவைப்பதும் கூடாது. புதிதாகக் குடியேறுபவர் இதைத் தெரியாமல் மீறினால் ஊரார் பொறுக்கமாட்டார்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மரச் சட்டத்தின்மேல் ஓடும் பழைய கம்பிகளும் பீங்கான் கட்டைகளும் இன்னும் பயன்பாட்டில் இருந்தால், எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துச் சென்று எர்த் இணைப்பையும் ஃபியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கும் மின்விசிறியும் ஓடும் கம்பியில் குளிர்சாதனமும் கெய்சரும் ஓடா. உலர்ந்த தேக்குக் கூரையின் கீழே கம்பி சூடேறுவது விளையாட்டுக் காரியம் அன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படும் மின் கட்டணத்தில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். நிலுவை எதுவும் இல்லை என்பதை இணைப்பு எண்ணைக் கொண்டு நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். தடித்த சுவர்களுக்குள் கைப்பேசிக்கு இணைப்புக் கிடைப்பதில்லை என்பதால், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எந்த அறையில் சிக்னல் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

கழிவறை பெரும்பாலும் கொல்லையின் கோடியில் இருக்கும். வயதானவர்கள் உடன் இருந்தால், இரவில் அடுப்படியைக் கடந்து கொல்லைக்குப் போகும் வழியில் விளக்கும் கைப்பிடியும் அமைத்துத்தரக் கேளுங்கள். கொல்லையில் புதர் மண்டியிருந்தால் குடியேறும் முன்பே வெட்டச் சொல்ல வேண்டும், பாம்பு நடமாட்டம் உள்ள பகுதி இது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2017இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற பேரூராட்சிகளிலும், காரைக்குடி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட கோட்டையூரிலும் வீடு எடுப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கிராம ஊராட்சிகளில் எடுப்பவர்களும் வாய்ச்சொல்லோடு நின்றுவிடாமல் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால்தான் 11 மாத ஒப்பந்தங்கள் வழக்கத்தில் உள்ளன. முன்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் தர வேண்டியதில்லை என்பதே நியாயமான அளவு.

அச்சடித்த வாடகைப் பத்திரப் படிவங்கள் நகரத்து அடுக்குமாடி வீட்டுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் இல்லாத சிலவற்றை இங்கு சேர்த்தே ஆக வேண்டும். முதலாவது, குடும்பத்தார் வந்து தங்கும் நாட்கள். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு, தைப்பொங்கல், அந்தக் குடும்பத்தின் படைப்பு, முன்னரே தேதி குறித்த திருமணம் அல்லது சாந்தி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அந்த நாட்களில் வாடகைதாரர் வளவை மட்டும் விட்டுக்கொடுப்பாரா, வீட்டையே விட்டு வெளியே தங்குவாரா, அந்நாட்களுக்கு வாடகை கழிக்கப்படுமா என்பதை எழுதிவிட வேண்டும். பெரிய விசேஷத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்ற வரியையும் கேட்டுப் பெறுங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது, பூட்டிய அறைகள். சாமி அறை, பெட்டகங்கள் உள்ள அறை, பங்காளிகளின் தனியறைகள் ஆகியவற்றின் சாவி யாரிடம் இருக்கும், அவற்றைத் திறந்து பார்க்க யார், எப்போது வருவார்கள் என்பது எழுத்தில் இருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

மூன்றாவது பொருட்பட்டியல். இதில் நான் மிகுந்த கண்டிப்பு உடையவன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பழைய வீட்டிலிருந்து ஒரு பொருள் காணாமற்போனால் சந்தேகம் எங்கே போகும் என்பது புரியும். ஊஞ்சல் பலகை, அதன் பித்தளைச் சங்கிலி, நிலைக்கண்ணாடி, சுவரில் தொங்கும் ரவிவர்மா அச்சுப்படங்கள், பெட்டகம், அடுப்படியின் கல்லுரல் வரை ஒவ்வொன்றையும் காவலாளியை உடன் வைத்துக்கொண்டு ஒளிப்படம் எடுத்து, உடைந்தவை உடைந்தவை என்றே குறித்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். அரைநாள் வேலை இது, ஆனால் இதைவிட நம்மைக் காக்கும் தாள் வேறில்லை.

நான்காவது, பழுது யார் பொறுப்பு என்பது. கூரை, கைமரம், சுவர் ஆகியவற்றை உரிமையாளரும், விளக்கு, குழாய், நாள்தோறும் செய்யும் துப்புரவு ஆகியவற்றை வாடகைதாரரும் ஏற்பது பொதுவான முறை. ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் ஓடு மாற்றும் செலவு யாருடையது என்பதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். வாடகையில் சற்றுக் குறைத்துக்கொண்டு அந்தப் பொறுப்பை நாமே ஏற்பது எனக்கு உகந்த ஏற்பாடாகத் தோன்றுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளின் சம்மதம் வந்து சேர்வதற்குள் மழை வந்துவிடும். காவலாளியின் மாதச் சம்பளத்தை யார் தருவது என்பதும் இங்கேயே எழுதப்பட வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களான உறவினரோ நண்பரோ வந்து தங்குவார்களானால், அதை அரசுக்கு இணையவழித் தெரிவிக்கும் கடமை வீட்டில் தங்கவைப்பவருக்கு உண்டு. அதனால் உரிமையாளரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். படப்பிடிப்புக்கோ திருமண ஒளிப்படத்துக்கோ வளவைப் பிறருக்குத் தருவது ஒப்பந்தத்தை மீறியதாகும்.

குடியிருக்கும்போது

ஆத்தங்குடிப் பூக்கல் தரை சூளையில் சுடப்படாதது. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, கையாலேயே வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திச் செய்வது. ஆகவே அமிலம் கலந்த தரைத் திரவமும், கறை போக்க என்று விற்கும் ஆசிட் வகைகளும் அதன் மேல் படவே கூடாது. எலுமிச்சையோ புளியோ சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாள்தோறும் துடைத்து, வாரத்துக்கு ஒரு நாள் அந்தத் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும். நடக்க நடக்கத்தான் அந்தத் தரைக்கு மெருகு கூடும், பூட்டிக் கிடக்கும் வீட்டில் அது மங்கிப்போகும். வாடகைக்கு நல்ல குடும்பம் வந்தால் தேவலை என்று ஆச்சிமார் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெருகேறிய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். ஒட்டுநாடாவும் வேண்டாம், பிரிக்கும்போது மெருகையும் உரித்துக்கொண்டு வரும். நாட்காட்டியும் படமும் மாட்ட, தூண்களிலும் உத்திரத்திலும் முன்பே உள்ள கொக்கிகள் போதும். துணி உலர்த்தும் கயிற்றைத் தூணுக்குத் தூண் கட்டாமல் கொல்லையில் கட்டுங்கள். மாடி இருந்தால் அந்திக்கு முன் சன்னல்களைச் சாத்திவிடுங்கள், இல்லையேல் வௌவால் குடியேறிவிடும்.

காலணியைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிடுவது, விளக்கு வைக்கும் நேரத்தில் முகப்புக் கதவைத் திறந்து வைப்பது ஆகியவை ஊர் எதிர்பார்க்கும் நடைமுறைகள். அசைவம் சமைக்கலாமா என்பதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் தடை இருப்பதில்லை, ஆனால் சாமி அறையை ஒட்டிய பகுதிக்கும் குறிப்பிட்ட நாட்களுக்கும் கட்டுப்பாடு இருக்கும். ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கும், தெருவில் கார் நிறுத்த இடமும் கிடைக்காது. அமைதியாக எழுதவோ படிக்கவோ வருபவர்கள் அந்த நாட்களை முன்பே கேட்டறிந்து, அப்போது ஊரோடு சேர்ந்துகொள்ளத் திட்டமிடுவது நல்லது. வீட்டின் பங்காளி யாரேனும் ஊருக்கு வந்து வாசலில் நின்றால் உள்ளே அழைத்து, வளவில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் மோராவது கொடுங்கள். தாம் பிறந்த அறையைப் பார்க்க வந்திருப்பார், ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

காலி செய்யும்போது

ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே, தொடர்வதா விடுவதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். எல்லாப் பங்காளிகளும் கலந்து பேச அவ்வளவு நாள் பிடிக்கும். வெளியேறும் நாளில் மின் அளவியின் எண்ணை ஒளிப்படம் எடுத்து, கணக்கெடுப்புக்குப் பின் வரப்போகும் தொகையைக் கணக்கிட்டு முன்பணத்தில் கழிக்கச் சொல்லுங்கள். பொருட்பட்டியலைக் காவலாளியோடு அறை அறையாக மீண்டும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். மாற்றிய ஓடுகள் எத்தனை, யார் செய்த வேலை, என்ன கூலி என்ற குறிப்பையும் ரசீதுகளையும் உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டால், அடுத்து வருபவருக்கும் அது பயன்படும். முன்பணம் ஒரு மாதத்துக்குள் வங்கிக் கணக்கில் திரும்ப வர வேண்டும் என்ற விதியை ஒப்பந்தம் போடும்போதே எழுதிவிட வேண்டும். சாவியை, அதை முதலில் யார் கையிலிருந்து வாங்கினோமோ அவரிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.